இருவாச்சி வீட்டுக் கதவு

டொக், டொக், டொக்!

ஒரு காட்டில் பொழுது விடிந்ததும் கேட்ட முதல் சத்தம் இது. பறவைகள் கண் விழித்துப் பார்த்தன. மரங்கொத்தி, அணிலின் உடைந்த பொந்தைச் சீராக்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் அடித்த மழையிலும் காற்றிலும் பல வீடுகள் சிதைந்திருந்தன. மரவேலைக்கு மரங்கொத்தி, நார் பின்னத் தூக்கணாங்குருவி, மண் பூசக் குளவி என்று மூன்றும் கூடிப் பேசிக் கிளம்பிவிட்டன. கூலி கிடையாது.

"காற்று நம் வீட்டை மட்டும் விட்டுவைத்ததே, அதற்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?" என்றது குளவி.

அணில் வீடு முடிந்தது. மைனா வீடு முடிந்தது. மூன்றுக்கும் உற்சாகம் தலைக்கேறிவிட்டது.

அடுத்த மரத்தில் இருவாச்சிப் பறவையின் பொந்து. வாசல் முழுக்க மண் அடைத்து, ஒரே ஒரு கீற்று இடைவெளிதான் திறந்திருந்தது.

"ஐயையோ! இருவாச்சி அக்கா உள்ளே மாட்டிக்கொண்டாள்!" என்று பதறியது மரங்கொத்தி.

"கூப்பிட்டுக் கேட்போமா அண்ணே?" என்றது தூக்கணாங்குருவி.

"மூச்சு முட்டிக் கிடப்பவளிடம் என்னத்தைக் கேட்பது? தள்ளு!"

டொக், டொக், டொக்! வாசல் பொலபொலவென்று உதிர்ந்தது.

உள்ளிருந்து நீண்ட அலகு ஒன்று எட்டிப் பார்த்தது. "எந்தப் படுபாவி என் கதவை உடைத்தது?"

"நாங்கள்தான் அக்கா! உன்னைக் காப்பாற்றிவிட்டோம்!"

"காப்பாற்றின லட்சணமா இது! முட்டையிட்டால் நாங்கள் வாசலை அடைத்துக்கொண்டுதானே உட்காருவோம்? நானும் என் வீட்டுக்காரரும் மண் குழைத்துப் பூசிய கதவடா அது! சிறகெல்லாம் உதிர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இப்போது உடும்பு வந்தால் பறக்கக்கூட முடியாதே!"

சொல்லி வாய் மூடவில்லை, கீழே மரப்பட்டை உரசும் சத்தம் கேட்டது. உடும்பேதான். "அடடா, வாசலைத் திறந்துவைத்து விருந்துக்கு அழைக்கிறார்களே!"

மரங்கொத்தி பறந்து ஓடியிருக்கலாம். ஆனால் ஓடவில்லை. வாலை முதலில் விட்டுப் பொந்துக்குள் நுழைந்து, அலகை வெளியே நீட்டி, உடம்பாலேயே வாசலை அடைத்தது.

"கதவை உடைத்தவன் நான். இனி நானே கதவு!"

"கொண்டை வைத்த கதவா?" என்று சிரித்துக்கொண்டே உடும்பு மூக்கை நீட்டியது.

டொக்!

மூக்கு நுனியில் விழுந்தது அடி. ஊரெல்லாம் புகழும் உடும்புப் பிடி நழுவியது. தொப்பென்று சேற்றில் விழுந்த உடும்பு திரும்பிப் பாராமல் ஓடியது.

"தம்பி," என்றது உள்ளிருந்து ஒரு குரல், "உன் வால் என் கண்ணைக் குத்துகிறது. வெளியே போ."

"ஒரு வேலையை இரண்டு வேலையாக்கினாய்" என்று மரங்கொத்தியிடம் முணுமுணுத்தபடி, குளவி மண் உருட்டி வந்து பூசியது. பழையபடி கீற்று மட்டும் மிஞ்சியது.

மரங்கொத்தி கொண்டையைத் தாழ்த்தி அந்தக் கீற்றின் அருகே போனது. "அக்கா, உனக்கு உண்மையில் என்னதான் வேண்டும்?"

கீற்றில் அலகு நுனி தெரிந்தது. பிறகு குரல் இளகி வந்தது. "பின்பக்கம் ஒரு விரிசல், தம்பி. நேற்றைய மழை முட்டைமேல் சொட்டியது. இரவெல்லாம் முதுகைக் கொடுத்து மறைத்தேன். உள்ளிருந்து அடைக்க எட்டவில்லை."

தூக்கணாங்குருவி விரிசலில் நாரைத் திணித்தது. குளவி அதன்மேல் மண் பூசியது. மரங்கொத்தி ஒரு கொத்துகூடக் கொத்தாமல் நார் சுமந்தது.

வேலை முடிவதற்கும் அடுத்த மழை பிடிப்பதற்கும் சரியாக இருந்தது.

"சொட்டவில்லை! ஒரு துளிகூட இல்லை!" என்று உள்ளே சிரிப்புச் சத்தம். மூன்றும் நனைந்தபடியே கிளையில் குதித்து ஆடின.

அப்போது ஆண் இருவாச்சி அத்திப்பழங்களோடு வந்து அமர்ந்தது. ஈரம் காயாத கதவை ஒரு பார்வை பார்த்தது. வழக்கம்போலக் கீற்றின் வழியே ஒவ்வொரு பழமாக உள்ளே ஊட்டத் தொடங்கியது.

நீதி: உதவப் போகிற கைக்கு முன்னால், கேட்கிற காது போய்ச் சேர வேண்டும்.