உறை மோர்க் கிண்ணம்

மலையடிவாரத்தில் செங்கமலம் ஒரு சிறிய விடுதி நடத்தி வந்தாள். மொத்தம் ஆறு அறைகள். மலைக்கோயிலுக்குப் போய் இறங்கி வருகிறவர்களுக்கு வாசலிலேயே ஒரு டம்ளர் மோர் கொடுப்பது அந்த விடுதியின் வழக்கம். அந்த மோருக்காகவே அங்கே தங்குகிறவர்கள் உண்டு.

அவளுடைய குரு வருஷத்துக்கு ஒருமுறை அந்த வழியாக வருவார். வயதில் அவளைவிடப் பத்து வருஷம் சின்னவர். அவள் காலில் விழும்போதெல்லாம் கூச்சத்தில் நெளிவார்.

இந்த முறை அவள் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டாள்.

"விடுதியை மூடிடப் போறேன் சாமி."

"ஏம்மா?"

"வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாலே எரிச்சலா வருது. என்னை எனக்கே பிடிக்கல."

சொல்லும்போதே கண் கலங்கியது. ஆட்களைக் கண்டால் மலர்ந்துபோகிற முகம் அவளுடையது. அந்த முகம் இப்படிச் சுருங்கிப் போனதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

குரு சுற்றிலும் பார்த்தார். அவளுடைய கட்டிலில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். தன் அறையில் கொசு என்று வந்து படுத்தவர், படுத்து நாலு நாள் ஆகிறது. அவளுடைய பாய் விறகுக் கட்டுகளுக்கு நடுவில் கிடந்தது. சமையல்கட்டில் இன்னொருவர் டப்பா டப்பாவாகத் திறந்து முந்திரி தேடிக்கொண்டிருந்தார்.

"இவங்களை நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

"நீங்கதானே சாமி அஞ்சு வருஷத்துக்கு முன்னால சொன்னீங்க, வந்தவங்களை வாட விடாதீங்கன்னு. அன்னையிலேருந்து யார் எது கேட்டாலும் நான் இல்லைன்னு சொன்னதில்ல."

குரு தலையைச் சொறிந்தார். அப்படிச் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. குருமார்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான்.

விளக்கு வைக்கும் நேரத்தில் செங்கமலம் பாலைக் காய்ச்சி ஆற வைத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் இருந்தது.

"அதுல என்னம்மா?"

"உறை மோர் சாமி. பால்ல ஊத்த."

"எனக்குக் குடிக்கக் கொடுங்க."

"இது மட்டும்தான் இருக்கு சாமி."

"அதைத்தான் கேக்கறேன்."

கொஞ்சம் தயங்கினாள். பிறகு கொடுத்துவிட்டாள். அவர் சொட்டு விடாமல் குடித்து முடித்தார்.

மறுநாள் மலை இறங்கி வந்தவர்களுக்கு மோர் இல்லை. வெயிலில் நாக்கு வறண்டு வந்த பதினாலு பேரும் வெறும் தண்ணீரைக் குடித்தார்கள். "இந்த மோரை நினைச்சுக்கிட்டேதான் கடைசி நூறு படி இறங்கினேன்" என்றாள் ஒருத்தி. செங்கமலத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நேராகக் குருவிடம் போய் நின்றாள்.

"பதினாலு பேர் வாடிப் போயிட்டாங்க சாமி."

"பார்த்தேன்."

"நீங்க கேட்டீங்களேன்னுதான் கொடுத்தேன்."

"ஆமா, நான்தான் கேட்டேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் திரும்பியபோது கையில் ஒரு சின்னத் தூக்கு இருந்தது.

"பால்காரம்மா வீட்ல உறை மோர் வாங்கிட்டு வந்தேன். குடிக்கவும் கொஞ்சம் கேட்டேன். இதுக்கு மேல கிடையாது, எங்க வீட்டுப் பாலுக்கு வேணும்னுட்டாங்க."

"உங்ககிட்டயா அப்படிச் சொன்னாங்க?"

"சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. உட்கார வச்சுத் தண்ணி கொடுத்தாங்க. நாளைக்கு வாங்கன்னு வாசல் வரைக்கும் வந்தாங்க."

செங்கமலம் தூக்கைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். பால்காரியின் சிரித்த முகத்தை அவள் வருஷக்கணக்காகப் பார்க்கிறாள். அது எப்படி வாடாமல் இருக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

முந்திரிக்காரர் மறுபடி சமையல்கட்டுக்குள் கால் வைத்தார்.

"ஐயா, உள்ள வராதீங்க. என்ன வேணும்னு சொல்லுங்க, வெளிய கொண்டாந்து தர்றேன்."

அவர் "சரிம்மா" என்று திரும்பிப் போய்விட்டார்.

அவ்வளவுதான். இந்த ஒரு 'சரிம்மா'வுக்கா ஐந்து வருஷம் பயந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. சூட்டோடு சூடாகப் போய்ப் பெரியவரை எழுப்பினாள்.

"இது என் கட்டிலுங்கய்யா. உங்க அறையில கொசுவலை கட்டித் தர்றேன்."

பெரியவர் ஏதோ முணுமுணுத்தார். ஆனாலும் எழுந்து போனார்.

மறுநாள் தயிர் கட்டியாக உறைந்திருந்தது. செங்கமலமும் ரொம்ப நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதும் டம்ளரோடு அவளே எதிரே போனாள்.

அன்று சாயங்காலம் பால் ஆறியது. அவள் உறை மோர்க் கிண்ணத்தை எடுத்தபோது குரு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"அதைக் குடிக்கக் கொடுங்கம்மா."

செங்கமலம் கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இது கிடையாது சாமி. நாளைக்கு வர்றவங்களுக்கு வேணும்."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் பதறியது.

"கோபமா சாமி?"

குரு தண்ணீர்ச் செம்பைத் தானே எடுத்துக்கொண்டார்.

"நாளைக்கும் மோர் இருக்கிற வீட்டு மேல யாருக்கும்மா கோபம் வரும்?"