முன்கூடத்துச் செலவு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த குருநாதனுக்குத் திடீரென்று சிக்கனத்தில் ஆசை பிறந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் வரிசையாக நிற்கவைத்து, சமையல்காரி அங்காளம்மாளுக்கு உத்தரவு போட்டார்.

"அடுத்த மாசம் சாப்பாட்டுச் செலவு பாதியாகணும். ஆனா வீட்டு ஆளுங்க யாருக்கும் ஒரு வாய்கூடக் குறையக் கூடாது. முடியலைன்னா வேற வேலை பார்த்துக்க."

அங்காளம்மாளின் சம்பளத்தில்தான் அவள் குடும்பமே ஓடியது.

"வீட்டு ஆளுங்களுக்குத்தானே குறையக் கூடாது, முதலாளி?"

"ஆமா. எப்படிச் செய்வியோ, அது உன் பாடு."

முதல் தேதி மாலை, தினமும் வரும் சீட்டாட்ட நண்பர்கள் முன்கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். குருநாதன் தன் திட்டத்தைப் பெருமையாக விளக்கினார். விளக்கி முடித்த பிறகும் பஜ்ஜி வரவில்லை; காபியும் வரவில்லை. உள்ளே பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் மட்டும் கேட்டது.

"அங்காளம்மா, இங்கே ஒண்ணும் வரலையே?" என்றார் குருநாதன்.

அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "வீட்டு ஆளுங்க யாருக்கும் குறைக்கலீங்க முதலாளி. பாதிச் செலவு இந்தக் கூடத்துலதான் ஆகிக்கிட்டிருந்தது."

நண்பர்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். குருநாதனுக்கு முகம் சிவந்தது. ஆனால் உத்தரவு அவருடையது. யாரையும் திட்ட வழியில்லை.

அதன்பின் செலவைப் பற்றி வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்கள். நண்பர்களுக்கு வாரம் ஒருநாள் காபி என்று முடிவானது.

"சர்க்கரை உண்டா?" என்று கேட்டார் குருநாதன்.

"பிள்ளைங்களைக் கேட்டுச் சொல்றேன்" என்றாள் மனைவி.