ஒன்றும் மாறாத பாசிக்குறிச்சி

ஆற்றங்கரையில் ஓர் ஊர் அமைவது பெரிய பாக்கியம். அதில் குடியிருப்பவர்களுக்குப் புத்தியும் அமைந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பாசிக்குறிச்சிக்காரர்கள் சட்டத்தை மீறியவர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஊர் அழகுதான். தாமிரபரணி அங்கே வந்ததும் ஒரு வளைவு வளைந்து, நிதானமாகப் போகும். கரையில் மருத மரங்கள், பாசி படிந்த படித்துறை, பாதி இடிந்த கல்மண்டபம், கழுத்தளவு தண்ணீரில் கிடக்கும் எருமைகள். எல்லாம் இருந்தது. பஸ் மட்டும் இல்லை. மெயின் ரோட்டில் இறங்கி, மண்பாதையில் நடந்துதான் வர வேண்டும்.

பஸ் இல்லாததால் அதிகம் அடிபட்டவன் சொரிமுத்து. படித்துறைக்கு மேலே டீக்கடை வைத்திருந்தான். வயது நாற்பதை எட்டிப் பார்த்தும் கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து ஊர் பொன்னுலிங்கத்தின் மகள் இசக்கியம்மாளை அவனுக்குப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவன் பேசி அவள் கேட்டதில்லை என்பது காரணமாக இருக்கலாம். ஆனால் பொன்னுலிங்கம் கறாராகச் சொல்லிவிட்டார்: "பஸ் வராத ஊருக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன். உங்க ஊருக்குப் பஸ் வரட்டும், மறுநாளே முகூர்த்தம் குறிச்சிருதேன்."

அப்படி இருக்கையில் ஒருநாள் சுற்றுலா அதிகாரி அம்மா ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். படித்துறையில் நின்று ஆற்றைப் பார்த்தார். பிறகு செல்போனை எடுத்து நாலாபக்கமும் படம் பிடித்துத் தள்ளினார்.

"இவ்வளவு அழகான ஊருக்கு ஒரு வரலாறு இருக்கணுமே?" என்றார்.

ஊராட்சித் தலைவர் சங்கிலிபூதம் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். "பெரிய வரலாறு இருக்கும்மா. ஒரு ராசா யானை மேல ஏறி இந்த வழியா வந்தாரு."

"எந்த ராஜா?"

"பேரு சொல்லலை. சண்டைக்குப் போறேன், வழி எதுன்னு கேட்டாரு. எங்க ஆளுக கை காட்டுனாவ."

"அப்புறம்?"

"அந்தப் பக்கம் வழியே கிடையாதும்மா. திரும்பி வந்தா சொல்லிக்கிடலாம்னு இருந்தோம். யானை மட்டும் வந்துச்சு."

"இந்த மண்டபம் எப்படி இடிஞ்சது?"

"கோவமா வந்த யானைல்லா?"

அதிகாரி அம்மாவுக்கு ஊர் இன்னும் பிடித்துப்போயிற்று. தண்ணீரைத் தொட்டுப் பார்க்க ஒரு படி இறங்கினார். பாசி வழுக்கி அப்படியே உட்கார்ந்தார். எழுந்து, சேலையைப் பிழிந்துகொண்டே சிரித்தார். "இந்த ஊரோட அழகே இது மாறாம இருக்கிறதுதான். நான் இன்னைக்குப் பார்த்தது பார்த்தபடியே இருக்கட்டும். ஒண்ணையும் மாத்திடாதீங்க. அடுத்த மாசம் மேலதிகாரியைக் கூட்டிட்டு வர்றேன். அவருக்குப் பிடிச்சா சுற்றுலா ஊர்னு அறிவிச்சிடுவாங்க. பஸ்ஸும் வந்துடும்."

பஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் சொரிமுத்துவுக்குத் தவில் சத்தமே கேட்டுவிட்டது.

ஜீப் மறைந்ததும் ஊர் கல்மண்டபத்தில் கூடியது.

"பார்த்தது பார்த்தபடியே இருக்கணும்னு சொல்லிட்டாவ" என்றார் தலைவர். "யார் யாரு எப்படி இருந்தீங்களோ அப்படியே இருக்கணும். கோமதிநாயகம், அந்த அம்மா வரும்போது நீரு எங்கவே இருந்தீரு?"

"மரத்தடியில சவரத்துக்கு உக்காந்திருந்தேன். பாதி மீசை எடுத்தாச்சு. மீதியை இப்போதான் எடுக்கப் போறேன்."

"எடுக்கப்பிடாது. மீசை வச்ச பக்கம் ஆத்தைப் பாத்து இருந்துச்சா, ஊரைப் பாத்து இருந்துச்சா?"

கோமதிநாயகம் யோசித்தார். "ஆத்தைப் பாத்து."

"இனிமே அந்தப் பக்கமே பாத்து நடவும்."

அதிகாரி வந்த நேரத்தில் வேலித் தகராறில் கட்டிப் புரண்டுகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவரும் அதற்குள் சமாதானமாகி, ஒரே இலையில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். ஊர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தினமும் காலையில் வேலியோரம் வந்து, அதே வசவைச் சொல்லிக் கட்டிப் புரள வேண்டும் என்று முடிவாயிற்று. சில நாளில் தம்பிக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணன்காரன் பாசமாக அவனுடைய வசவையும் தானே சொல்லித் தன்னைத் திட்டிக்கொண்டான்.

எரியாத தெருவிளக்கையும் அள்ளாத சாக்கடையையும் அப்படியே வைத்திருப்பதில்தான் யாருக்கும் ஒரு சிரமமும் இல்லை. தலைவருக்கு அதில் நல்ல பழக்கம் இருந்தது.

சொரிமுத்துவின் பாடுதான் திண்டாட்டம். அதிகாரி வந்த நேரம் அவன் கடையில் பால் திரிந்துபோயிருந்தது. ஆகவே அவன் தினமும் நல்ல பாலைக் காய்ச்சி, அதில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, திரிந்த டீயாகப் போட்டுக் கொடுத்தான். ஊரும் முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தது. அன்றைக்கும் சுளித்துக்கொண்டுதான் குடித்தார்களாம்.

எருமைகளை அதே இடத்தில் முளையடித்துக் கட்டினார்கள். பாசி காயாமல் இருக்க, ஆற்றோரப் படிகளுக்கு ஆற்றிலிருந்தே தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தலைவர் நிம்மதியாக வெற்றிலை போடப்போன நேரத்தில், கோமதிநாயகம் மீசையுள்ள பக்கத்தால் ஆற்றைப் பார்த்துவிட்டு அலறினார்.

"தலைவரய்யா! அந்த அம்மா பாத்த தண்ணி போயிட்டு!"

கூட்டம் மறுபடியும் கூடியது.

"இந்தா ஓடுதுல்லா தண்ணி?" என்றார் தலைவர்.

"இது வேற தண்ணிவே. இது அன்னைக்கு மேல எங்கேயோ கிடந்தது. அந்த அம்மா படம் புடிச்ச தண்ணி கீழ போயிட்டு."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கோமதிநாயகம் சொன்னது சரிதான். அன்றைய தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட அங்கே இல்லை.

"யாருமே காவல் இருக்கலையா?" என்று தலைவர் கர்ஜித்தார்.

பஸ்ஸால் பலன் அடையப்போகிறவன் சொரிமுத்து என்பதால் தண்ணீரை மீட்டு வரும் வேலை அவன் தலையில் விழுந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு கரையோரமாகவே ஓடினான். இசக்கியம்மாள் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. போன தண்ணீர் கிடைக்காவிட்டால் அவளும் கிடைக்கமாட்டாளே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்த ஊர்த் துறையில் குளித்துக்கொண்டிருந்தவரிடம், "அண்ணாச்சி, பாசிக்குறிச்சித் தண்ணி இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டான்.

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். பாசிக்குறிச்சி என்றதும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வந்துச்சு தம்பி. உங்களைக் கேட்டதாச் சொல்லிட்டுப் போச்சு. வெரசாப் போனா அணைக்கட்டுல புடிச்சிரலாம்."

சொரிமுத்து அணைக்கட்டுக்கு ஓடினான். அங்கே தண்ணீர் கடல்போலத் தேங்கிக் கிடந்தது. இதில் தங்கள் ஊர்த் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிப்பது? இடம் இடமாக அள்ளிக் குடித்துப் பார்த்தான். ஓர் ஓரத்தில் எருமை வாடை அடித்தது. கண் கலங்கிவிட்டது அவனுக்கு. குடம் நிறைய மொண்டு, தளும்பாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்தான்.

ஊரே கைதட்டியது. தலைவர் தன் கையாலேயே குடத்தை வாங்கி ஆற்றில் கவிழ்த்தார். தண்ணீர் மறுபடியும் போய்விட்டது.

இரண்டாம் முறை கொண்டுவந்தபோது யாரும் குடத்தைத் தொடவில்லை. படித்துறையில் வைத்து, வாயை வேட்டியால் கட்டி, காவலுக்கு ஆள் போட்டார்கள்.

சொன்னபடி அதிகாரி அம்மா மேலதிகாரியோடு வந்தார். அவர் சொட்டைத்தலை மின்ன இறங்கி, அம்மா காட்டிய படங்களை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, ஊரை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். அரைமீசைக் கோமதிநாயகம் இருந்தார். வேலியோரம் சண்டை நடந்தது. எருமைகள் அதே பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தன. அந்த அம்மாவே கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

மேலதிகாரிக்கோ புல்லரித்தது. "அற்புதம்! ஒண்ணுமே மாறலை! ஒரு எருமைகூட நகரலை!" என்று சொல்லிக்கொண்டே படியில் கால் வைத்தவர், பாசி வழுக்கி அப்படியே உட்கார்ந்தார்.

"அதே படி!" என்று ஊர் ஆரவாரம் செய்தது.

அவர் உட்கார்ந்தபடியே உத்தரவு போட்டார். "பாசிக்குறிச்சியைச் சுற்றுலா ஊரா அறிவிக்கிறோம். வர்ற திங்கள்கிழமை பஸ் வந்துடும். ஆனா இனிமேலும் இப்படியே இருக்கணும். ஏதாவது மாறினா அறிவிப்பும் ரத்து, பஸ்ஸும் ரத்து!"

திங்கள்கிழமை. சொரிமுத்து தலைக்கு எண்ணெய் வைத்து, கொடியில் கிடந்ததிலேயே நல்ல வேட்டியாக எடுத்துக் கட்டி, ஊர் முனையில் நின்றான். வாழைமரமும் மாலையுமாகப் பஸ் வந்தது. முன் சீட்டில் பொன்னுலிங்கம். பக்கத்தில், தலை நிறையப் பூவோடு இசக்கியம்மாள். "மாப்ளே! பஸ் வந்துட்டுல்லா! நாள் குறிக்க வாரோம்!" என்று பொன்னுலிங்கம் ஜன்னலில் கையை ஆட்டினார்.

"நிறுத்து!" என்று தலைவர் குறுக்கே பாய்ந்தார்.

பஸ் நின்றது.

"அன்னைக்கு அந்த அம்மா பாத்தப்போ ஊருல பஸ் கிடையாது. இப்போ இது உள்ள வந்தா ஊரு மாறிரும்லாவே?"

ஊர் திகைத்துப்போய்ச் சொரிமுத்துவைப் பார்த்தது. அவன் பஸ்ஸைப் பார்த்தான். இசக்கியம்மாளைப் பார்த்தான். நெற்றியில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து வழிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆழமாக யோசித்தான்.

"பஸ் உள்ள வந்தா ஊரு மாறிரும்" என்று மெதுவாக ஆரம்பித்தான். "ஊரு மாறினா பஸ் ரத்து. பஸ் ரத்தானா எனக்குக் கல்யாணமும் ரத்து. அப்போ எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா, பஸ்ஸை உள்ள விடவே கூடாது."

"ஆகா, அறிவுன்னா இது அறிவு!" என்று தலைவர் அவனைக் கட்டிக்கொண்டார்.

டிரைவர் போட்ட கூச்சல் யார் காதிலும் ஏறவில்லை. ஊர் மொத்தமும் முன்பக்கம் வந்து, மாலையோடு சேர்த்துப் பஸ்ஸைப் பின்னால் தள்ளியது. கோமதிநாயகம்கூட ஆற்றுப்பக்கம் பார்த்தபடியே தோள் கொடுத்தார். எல்லோரையும்விட மூச்சைப் பிடித்துத் தள்ளியவன் சொரிமுத்துதான். கல்யாணம் அவனுக்கு அல்லவா?

பஸ் ஊர் எல்லையைத் தாண்டி மெயின் ரோட்டில் போய் நின்றது. சொரிமுத்து வேட்டியை இறக்கிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பொன்னுலிங்கத்தின் ஜன்னலுக்கு ஓடினான்.

"மாமா, எங்க ஊருக்குப் பஸ் வந்ததைக் கண்ணால பாத்தாச்சுல்லா? முகூர்த்தத்தை எப்போ வச்சுக்கிடலாம்?"