சகனின் மூன்றாவது பக்கம்

நெய்னாவுக்கு உட்காரத் தெரியாது என்று அந்தக் கடலோர ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். கடையில் நின்றபடி வியாபாரம். வீட்டில் நின்றபடி தேநீர். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஒழுங்காக உட்கார்ந்தது தொழுகையில் மட்டும்தான். அங்கேயும் அவருடைய கால் கட்டைவிரல் சும்மா இருந்ததில்லை என்று பின்வரிசைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு குருவைத் தேடிக்கொண்டார். மூஸா ஹஜ்ரத், பள்ளிவாசல் சந்தில் தொப்பி தைப்பவர். சீடரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஊர் அதற்கும் சிரித்தது. நெய்னா கவலைப்படவில்லை. அந்த மனிதர் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அவரை இழுத்தது.

திங்கட்கிழமை காலை நெய்னா தொப்பிக்கடைக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"உள்ள வாங்க காக்கா" என்றார் ஹஜ்ரத், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த ஊரில் மூத்தவர்களைக் காக்கா என்றுதான் அழைப்பார்கள்.

"ஹஜ்ரத், ஒரு கேள்வி."

"உக்காந்து கேளுங்க."

"நின்னுக்கிட்டே கேக்குறேன். சதக்கு புதன்கிழமை கொழும்புக்குப் போறான். மக வீட்டோட இருக்கப் போறான். திரும்பி வருவானோ என்னமோ."

"தெரியும்."

"மூணு மாசமா எங்கிட்ட பேசலை."

"அதுவும் தெரியும்."

ஊருக்கே தெரிந்த கதைதான். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை நெய்னா தன் கையால் விருந்து சமைப்பார். நெய்ச்சோறு, விறகடுப்பில் வெந்த களறிக் கறி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட புளிக்கறி, கடைசியில் வட்டலப்பம். சின்ன வயதிலிருந்து கூட்டாளிகளான மூன்று பேர் வருவார்கள். சதக்கு அதில் முதல் ஆள். ஒரே சகனைச் சுற்றி மூவரும் உட்காருவார்கள்.

சகன் என்பது அகலமான வட்டத் தாம்பாளம். அந்த ஊரில் மூன்று பேருக்கு ஒரு சகன். அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்திலிருந்து அள்ளித் தின்ன வேண்டும். நல்ல கறித்துண்டு கிடைத்தால் பிய்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிட வேண்டும். யார் தள்ளியது, யார் தின்றது என்று யாரும் பார்க்கமாட்டார்கள். மூவருமே தின்று முடியும்வரை ஒருவரும் கையை எடுக்கக் கூடாது.

நெய்னா மட்டும் சகனில் உட்காரமாட்டார். கையில் கரண்டியோடு தலைக்குமேல் நிற்பார். யார் பக்கம் குறைகிறது, யார் பக்கம் மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சுற்றி வருவார். மூன்று மாதத்துக்கு முன்னால் சதக்கின் பக்கம் கறி அப்படியே கிடந்தது. பார்த்துப் பார்த்துப் போட்ட நல்லி எலும்பை அவர் தொடக்கூட இல்லை.

"என்ன சதக்கு, கொழும்புக்குப் போய்ப் போய் நாக்கு நீண்டு போச்சோ? நம்ம கறி எறங்கலையோ?" என்று கேட்டுவிட்டார் நெய்னா, மற்ற இருவருக்கும் முன்னால்.

சதக்கு எல்லாரும் முடிக்கும்வரை இருந்தார். கை கழுவினார், போனார். அதற்குப் பிறகு வரவில்லை.

"எட்டு வயசுலேருந்து கூட்டாளி, ஹஜ்ரத். இப்படியே ஏறிப் போயிட்டான்னா எனக்குத் தாங்காது" என்றார் நெய்னா. உடனே திரும்பி, அடுக்கி வைத்திருந்த தொப்பிகளை இன்னொரு முறை அடுக்க ஆரம்பித்தார். "நல்லதா ஆக்குறேன். மனசறிஞ்சு குறை வைக்கலை. கைக்கு முன்னால கொண்டுபோய்ப் போடுறேன். பெறகு ஏன் எனக்கு ஒரு விருந்துலயும் நெஞ்சு ஆறலை?"

ஹஜ்ரத் நூலைக் கடித்தார்.

"கறி எப்படி இருந்துச்சு?"

"நல்லாருந்துச்சுன்னுதான் மத்த ரெண்டு பேரும் சொன்னாங்க."

"உங்களுக்கு?"

"நான் எங்க தின்னேன்? எல்லாரும் போன பெறகு அடுப்படியில ஆறினது கொஞ்சம் வாயில போடுவேன்."

ஹஜ்ரத் தலையை ஆட்டினார். நெய்னா காத்திருந்தார். நோன்பு பிடிக்கச் சொல்வார், ஆயிரம் தடவை ஏதாவது ஓதச் சொல்வார் என்று நினைத்தார்.

"நாளைக்கு மதியம் ஆக்குங்க" என்றார் ஹஜ்ரத்.

"நாளைக்குச் செவ்வாய்க்கிழமை."

"ஆட்டுக்குக் கிழமை தெரியாது. மத்த ரெண்டு பேரையும் கூப்பிட வேண்டாம். சதக்கு காக்காவை நான் கூட்டி வர்றேன்."

"வருவானா?"

"வட்டலப்பத்துல முந்திரியை அடியில போடுங்க. மேல போட்டா முதல் ஆளே பொறுக்கிடுவார்."

"ஹஜ்ரத், நான் கேட்ட கேள்வி..."

"நெய்யில கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு ஹஜ்ரத் அடுத்த தொப்பியை எடுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் நெய்னா கறிக்கடை வாசலில் நின்றார். கடை இன்னும் திறக்கவில்லை. தொடைக்கறி, நெஞ்செலும்பு, நல்லி என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். வீட்டுக்கு வந்து பார்த்தால் போதாது போலிருந்தது. மறுபடியும் ஓடினார்.

கொல்லையில் அடுப்பு மூட்டினார். வெங்காயம் சிவக்கும்போது பட்டையும் ஏலமும் போட்டார். கறியைக் கொட்டி மசாலா பிரட்டினார். மூடி போட்டார். இரண்டு நிமிடத்தில் திறந்தார். மூடினார். வாசலுக்குப் போய்ச் சந்தைப் பார்த்தார். திரும்பி வந்து திறந்தார்.

"கறிக்கு மூச்சுவிட நேரம் குடுங்களேன்" என்றார் மனைவி ஜொஹரா.

"வருவானா ஜொஹரா?"

"ஹஜ்ரத் கூட்டி வர்றேன்னுதானே சொன்னாங்க?"

"வந்துட்டும் திங்கலைன்னா?"

ஜொஹரா தேங்காய்ப்பாலைப் பிழிந்தார். நெய்னா கருப்பட்டியைத் தட்டினார், முட்டையை அடித்தார், முந்திரியை மறக்காமல் அடியில் போட்டார். நெய்ச்சோற்றுக்கு அளந்த நெய்யைப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு கரண்டி ஊற்றினார். தெரு முழுக்க மணத்தது. பக்கத்து வீட்டார் இருவர் என்ன விசேஷம் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அவருக்கு மட்டும் மணம் ஏறவில்லை. மனசெல்லாம் வாசலில் இருந்தது.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் ஹஜ்ரத் வந்தார். பின்னால் சதக்கு. மூன்று மாதத்தில் கொஞ்சம் மெலிந்திருந்தார். இருவரும் சலாம் சொன்னார்கள்.

"வா சதக்கு."

"வந்துட்டேன்."

நெய்னா கெண்டியில் தண்ணீர் எடுத்துவந்து இருவருக்கும் கைக்கு ஊற்றினார். விரிப்பின் நடுவில் சகனை வைத்தார். வெள்ளைச் சோறு குவிந்திருந்தது. அதன்மேல் கறி, ஓரத்தில் புளிக்கறி. ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. நல்லி எலும்பைச் சதக்கின் பக்கம் பார்த்து வைத்துவிட்டு, கரண்டியோடு நிமிர்ந்து நின்றார்.

"பிஸ்மி சொல்லி ஆரம்பிங்க ஹஜ்ரத்."

ஹஜ்ரத் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்ன ஹஜ்ரத்?"

"சகனுக்கு எத்தனை பக்கம் காக்கா?"

"மூணு பேருக்கு ஒரு சகன்."

"ரெண்டு பேர்தானே இருக்கோம்."

"நீங்க ஆரம்பிங்க. நான் பரிமாறணும்."

"மூணாவது ஆள் வரட்டும்."

"மூணாவது ஆள் யாரு? நீங்கதானே வேற யாரும் வேண்டாம்னீங்க?"

ஹஜ்ரத் சகனின் காலியான பக்கத்தைப் பார்த்தார். ஆவி மெலிந்தது. நெய்னா கரண்டியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

"நெய்ச்சோறு ஆறுது, ஹஜ்ரத்."

"ஆமா."

"ஆறினா நெய் உறைஞ்சு போகும்."

"போகும்."

"களறிக் கறியைச் சூடாத் திங்கலைன்னா அது என்ன கறி?"

"அதேதான் நானும் யோசிக்கிறேன்" என்றார் ஹஜ்ரத்.

நெய்னாவுக்கு எது வேண்டுமானாலும் பொறுக்கும், சோறு ஆறுவது மட்டும் பொறுக்காது. கரண்டியைச் சட்டியில் எறிந்தார். கையைக் கழுவினார். சதக்குக்கு வலப்பக்கம் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பிஸ்மில்லாஹ்" என்றார் ஹஜ்ரத். மூன்று கைகள் சகனுக்குள் போயின.

முதல் கவளம் வாய்க்குள் போனதும் நெய்னா அசந்துபோனார். கறி அவ்வளவு சூடாக, அவ்வளவு பதமாக இருந்தது. கொழுப்பும் மசாலாவும் நாக்கில் இறங்கி, அப்புறம் மெதுவாகக் காரம் வந்தது. இருபது வருடமாக இதையா ஆறவிட்டுத் தின்றோம் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

இரண்டாவது கவளத்துக்குப் போகும்போது சதக்கின் பக்கம் பார்த்தார். புளிக்கறியிலிருந்து கத்தரிக்காய் மட்டும் குறைந்திருந்தது. நல்லி எலும்பு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது.

இன்றைக்கும் தொடவில்லை! நெய்னாவுக்குச் சுர்ரென்று ஏறியது. வாய்வரை வந்துவிட்டது வார்த்தை.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது அது.

சதக்கின் கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. தையல் மிஷின் ஊசி மாதிரி, சின்னதாக, விடாமல். மெத்தென்று வெந்த கத்தரிக்காயைக் கிள்ள முடிந்தது. எலும்பிலிருந்து கறியைப் பிய்க்க முடியவில்லை. ஒரு தடவை முயன்று, வழுக்கியதும் விட்டுவிட்டார். சோற்றை உருட்டி எடுத்தால் பாதி வழியில் உதிர்ந்தது. உதிர்ந்த பருக்கைகள் தெரியாமலிருக்க மடியில் கைத்துண்டை விரித்துவைத்திருந்தார். மேலே நின்று பார்ப்பவர் கண்ணுக்குச் சகனில் மிச்சமிருக்கும் கறிதான் தெரியும்.

நெய்னாவின் வாய் மூடிக்கொண்டது. எட்டு வயதிலிருந்து தெரிந்த கை அது. நாலு பேருக்கு முன்னால் அந்தக் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துத்தான் நாக்கு நீண்டுவிட்டதா என்று கேட்டிருக்கிறார். வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது.

டாக்டரைப் பார்த்தாயா, எத்தனை நாளாக, ஏன் சொல்லவில்லை என்று ஆயிரம் கேள்வி வந்தது. எழுந்து போய் ஒரு ஸ்பூன் எடுத்து வரலாமா என்று முழங்கால் பாதி நிமிர்ந்துவிட்டது.

ஹஜ்ரத் தின்றுகொண்டிருந்தார்.

நெய்னா முழங்காலைக் கீழே இறக்கினார். நல்லியைத் தன் பக்கம் இழுத்தார். கறியை எலும்பிலிருந்து உரித்தார். சின்னச் சின்னதாகப் பிய்த்து, சோற்றோடு கொஞ்சம் மசித்து, உரித்த எலும்போடு சதக்கின் பக்கம் தள்ளினார். கையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"சதக்கு, மதரஸா மைதானத்துல நீ அடிச்ச பந்து ஓட்டுக்கு மேல போய் விழுந்துச்சே. எறங்கி வந்துச்சா?"

சதக்கு அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் பக்கம் வந்த கறியை அள்ளி வாயில் போட்டார்.

"எங்க எறங்கிச்சு? வீட்டுக்காரர்தான் எறங்கி வந்தார். நீ என்னை விட்டுட்டு ஓடிட்டே."

"ஓடினவன்தானே பெறகு உனக்கு மிட்டாய் வாங்கித் தந்தேன்?"

"அதுல பாதியை நீயே தின்னே."

ஹஜ்ரத்துக்குச் சிரிப்பில் புரையேறியது. நெய்னா பிய்த்தார், தள்ளினார். சதக்கு தின்றார். நடுநடுவே நெய்னாவும் தின்றார். ஒருமுறை சதக்கு புறங்கையால் அந்த நல்லி எலும்பை நெய்னாவின் பக்கம் உருட்டிவிட்டார்.

"உறிஞ்சு."

"உனக்குன்னு போட்டது."

"இத்தனை வருஷமா ஆக்குறே, ஒரு நாளாவது நல்லி தின்னிருக்கியா? உறிஞ்சு மச்சான்."

நெய்னா உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகு காரம் என்றார். மிளகு அப்படி ஒன்றும் அதிகமில்லை.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்தார்.

"கறி பஞ்சா வெந்திருக்கு" என்றார் சதக்கு. "தள்ளு இன்னும் கொஞ்சம்."

ஹஜ்ரத்துக்கு எப்போதோ வயிறு நிறைந்துவிட்டது. இருந்தாலும் கையை எடுக்காமல் நாலு பருக்கையை உருட்டிக்கொண்டிருந்தார். சகன் காலியாகி வெறும் நெய் மினுங்கியபோதுதான் நெய்னாவுக்கு நினைவு வந்தது.

"வட்டலப்பம்!"

"உக்காரு" என்றார் சதக்கு. "அது எங்க ஓடப் போகுது?"

நெய்னா உட்கார்ந்தார். ஜொஹரா வட்டலப்பத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கணவர் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பதை இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனார். அடியிலிருந்த முந்திரி மூவருக்கும் வந்தது. மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை மூவரும் எழுந்திருக்கவில்லை.

புதன்கிழமை நெய்னாவே சதக்கை விமான நிலையத்துக்குப் போகும் காரில் ஏற்றிவிட்டார். கார் திரும்பும்போது சதக்கு ஜன்னல் வழியாக வலது கையை வெளியே நீட்டி ஆட்டினார். அந்தக் கையை அவர் ஒளிக்கவில்லை.

அங்கிருந்து நேராகத் தொப்பிக்கடைக்கு வந்தார் நெய்னா. செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் ஹஜ்ரத்துக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு முன்னாலேயே தெரியும், இல்லையா ஹஜ்ரத்?"

"ஆறு மாசமாத் தெரியும். ஒரு கந்தூரி விருந்துல பக்கத்துல உக்காந்து தின்னேன்."

"ஆறு மாசம்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஹஜ்ரத் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லியிருந்தா கறியை இன்னும் கொஞ்சம் கூட வேக வச்சிருப்பீங்க, காக்கா. நின்னுக்கிட்டேதான் பரிமாறியிருப்பீங்க."