மோதிர லாரிக்கு ஒரு பேட்டரி

நாமக்கல்லில் ரிமோட் லாரி ஓட்டுகிற எங்களுக்கு ஒரே ஒரு டீச்சர்தான். பர்வீன் டீச்சர். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் பாடம் எடுக்கிறவர். வயது முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில், லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைக்குப் பின்னால் உள்ள காலியிடத்தில், எங்கள் சின்ன லாரிகளை மேடு பள்ளம் ஏற்றி இறக்குவோம். எங்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். ஆனாலும் சந்தேகம் வந்தால் அவர் முன்னால்தான் போய் நிற்போம். அவர் லேசில் பதில் சொல்லமாட்டார், அது வேறு விஷயம்.

சந்தேகம் கேட்பதில் எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் செங்கோட்டுவேல். அந்தப் பட்டறையே அவருடையதுதான். நிஜ லாரிக்குப் பாடி கட்டுகிற மனிதர், ஐம்பத்தைந்தை நெருங்குகிறவர், டீச்சரைக் கண்டால் கையைக் கட்டிக்கொள்வார்.

சித்திரை மாதம் ஒருநாள் வந்து கேட்டார்.

"டீச்சர், நிக்கவே நிக்காத பேட்டரி எதுங்க?"

"லாரி எங்கீங்கண்ணா போகுது?"

"மண்டபத்துக்குங்க. எம் பொண்ணு தாரணிக்கு நிச்சயம். வாசல்ல இருந்து மேடை வரைக்கும் மோதிரம் நம்ம லாரிலதான் வரணுமாம். ஒத்தக்கால்ல நிக்கறா."

"அட, நல்லா இருக்குமே."

"நல்லாத்தானுங்க இருக்கும். வழில நின்னுட்டா?"

டீச்சர் தன் பெட்டியைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

செங்கோட்டுவேலின் பயத்துக்குக் காரணம் எங்கள் எல்லாருக்கும் தெரியும். அதே பெண்ணுக்கு முன்பு ஒருமுறை நிச்சயம் நடந்தது. தட்டு மாற்றுகிற நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது ரெண்டு தரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. இருட்டில் யாரோ ஒரு அம்மா, "என்னடாது, நல்ல காரியத்துல இப்படி ஆயிப்போச்சு" என்றார். அடுத்த வாரம் அந்தச் சம்பந்தம் முறிந்தது. அந்தப் பையன் வேறு யாரையோ விரும்பியிருக்கிறான், அதுதான் நிஜம். ஆனால் செங்கோட்டுவேலிடம் அதை யார் சொல்வது? "கரண்ட் நின்னுச்சு, கல்யாணமும் நின்னுச்சு" என்றுதான் அவர் இன்றுவரைக்கும் சொல்வார்.

அதற்குப்பிறகு அவர் பட்டறைக்குப் போனார், வந்தார், யாரிடமும் பேச்சில்லை. தாரணிதான் அவரை இழுத்து உட்காரவைத்து இந்தச் சின்ன லாரியைக் கட்ட வைத்தாள். தகரம் வெட்டி, ஒட்டி, பாடி கட்டியது அவர். நெற்றியில் கிளியும் பின்னால் தாமரையும் வரைந்தது அவள். கட்டி முடிப்பதற்குள் மனிதர் திரும்பச் சிரிக்க ஆரம்பித்திருந்தார். அந்த லாரியில்தான் மோதிரம் வரவேண்டும் என்று அவள் கேட்டால், அதில் என்ன தப்பு?

டீச்சர் தன் பெட்டியிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்துக் கொடுத்தார். உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு.

"இது போதுமுங்க."

"இத்துனூண்டா?" செங்கோட்டுவேலுக்கு முகம் வெளிறிவிட்டது. "டீச்சர், விளையாடாதீங்க. மாப்பிள்ள வீட்டுச் சனமே உக்காந்திருக்கும்."

"லாரி என்ன, சேலத்துக்கா போகுது? வாசலுக்கும் மேடைக்கும் பத்து தடவ போய்ட்டு வரும்."

"வழில நின்னுட்டா?"

டீச்சர் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு, செங்கோட்டுவேல் ஒரு பேட்டரியோடு வந்தார். செங்கல்லில் பாதி இருக்கும். எங்கிருந்து வரவழைத்தாரோ! முன்னால் இடம் போதாமல் லாரியின் பின்பக்கத்தில் தகரத்தை வெட்டி அதை உட்கார வைத்திருந்தார். பின் ஸ்பிரிங் அமுங்கி டயர் பாடியில் உரசியது.

"இது நாள் முழுக்க ஓடுமுங்க," என்றார். சொல்லும்போதே அவர் கண் டீச்சர் முகத்தை மேய்ந்தது.

"மேடைக்குச் சாய்பலகை உண்டுங்களா?"

"உண்டுங்க. மரப்பலகை போடச் சொல்லியிருக்கேன்."

டீச்சர் பட்டறையிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து கல்மேல் சாய்த்தார். டீ குடித்த டம்ளரை மோதிரப் பெட்டிக்குப் பதிலாக லாரியின்மேல் வைத்தார். "ஏத்துங்க" என்றார்.

லாரி ஏறியது. பாதிப் பலகையில் முன்சக்கரம் மேலே தூக்கியது. செங்கோட்டுவேல் "ஐயோ ஐயோ" என்று கத்துவதற்குள் அது மல்லாக்க விழுந்து, டம்ளர் உருண்டு, எங்கள் காலடியில் வந்து நின்றது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிரித்தால் அந்த மனிதர் அழுதுவிடுவார் போல இருந்தது.

டீச்சர் லாரியை நிமிர்த்தி வைத்தார்.

"பேட்டரியத் தூக்கறதா, மோதிரத்தத் தூக்கறதா? ரெண்டுல ஒண்ண நீங்க முடிவு பண்ணிக்கங்க அண்ணா."

செங்கோட்டுவேல் சின்ன பேட்டரியை வாங்கிக்கொண்டு போனார். அத்தோடு ஒழிந்தது என்று நான் நினைத்தேன். எங்கே ஒழிந்தது! அன்றிலிருந்து காலையும் மாலையும் எனக்கு போன். "சார்ஜ் லேசா இறங்கின மாதிரி காட்டுதுங்க, திரும்பப் போட்டுட்டேன்" என்பார். "அதுக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு, விடுங்க" என்று நான் எரிந்து விழுந்தால், "இல்லீங்க, எப்பவும் ஃபுல்லா இருக்கட்டும், மனசுக்குத் தைரியமா இருக்கும்" என்பார். அந்தக் கத்தரி வெயிலில், பூஜை அறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில், அதை முழுச் சார்ஜோடு வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நிச்சயத்துக்கு முதல்நாள் மத்தியானம் செங்கோட்டுவேல் டீச்சர் வீட்டுக்கு ஓடிவந்தார். சட்டையெல்லாம் வேர்வை. நான் அங்கேதான் என் லாரியின் மோட்டாரைக் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு துண்டில் சுற்றி எடுத்துவந்ததை மேஜையில் வைத்துப் பிரித்தார். பேட்டரி பூரி மாதிரி உப்பியிருந்தது.

"டீச்சர், போச்சுங்க. எல்லாம் போச்சு."

டீச்சர் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. துண்டோடு அலுங்காமல் தூக்கி, வெளியே கொண்டுபோய், தீப்பிடித்தாலும் பரவாமல் மணல் வாளிக்குள் இறக்கிவிட்டு வந்தார்.

"நிறைச்சே வச்சிருந்தீங்களா?"

"ஆமாங்க. ஒருநாள் விடாம."

"எதுக்குங்கண்ணா?"

"எப்ப வேணும்னாலும் தயாரா இருக்கோணுமில்லீங்களா?"

"இது பாதி வயித்தோட தூங்கற ஜாதி அண்ணா. ஓட்டறதுக்கு முன்னாடிதான் நிறைக்கணும். நிறைச்சு நிறைச்சு இந்தச் சூட்டுல சும்மா வச்சா, உள்ளுக்குள்ளயே வெந்து போகும்."

செங்கோட்டுவேல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்குதுங்க டீச்சர். தூக்கமே வர்றதில்ல. கண்ண மூடினா லாரி நடு மண்டபத்துல நிக்குது. எல்லாரும் எம் பொண்ணையே பாக்கறாங்க. இன்னொரு தரம் அவ மூஞ்சிய அப்படிப் பாக்க எனக்குத் தெம்பில்லீங்க."

டீச்சரின் அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை.

"வழில நின்னுட்டா என்னங்க டீச்சர் பண்ணுவேன்? அத மட்டும் சொல்லுங்க."

டீச்சருக்கும் கண் கலங்கியிருந்த மாதிரித்தான் எனக்குப் பட்டது. பிறகு பெட்டியைத் திறந்து, அதே அளவில் இன்னொரு சின்ன பேட்டரியை எடுத்தார்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். காலைல சார்ஜ் போட்டு நானே எடுத்துட்டு வர்றேன். நீங்க போய்ச் சாப்பிடுங்க."

மறுநாள் மண்டபத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வாசலில் லாரி தயாராக நின்றது, மேலே பூப்போட்ட தட்டில் மோதிரப் பெட்டி. பேட்டரியை மாட்டியது டீச்சர்தான். செங்கோட்டுவேல் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரிமோட்டைப் பிடித்திருந்தார். அவர் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொள்வதாக ஏற்பாடு. ஏன் தூணுக்குப் பின்னால் என்று கேட்டதற்கு, "நின்னுட்டா எம் மூஞ்சிய யாரும் பாக்கவேண்டாம்" என்றார்.

புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது எங்கள் ஊர் வழக்கம். இந்தச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தால் வண்டியே குடை சாய்ந்துவிடும். தாரணி பட்டுப்புடவையோடு குனிந்து சக்கரத்துக்கொன்றாகக் கறுப்புத் திராட்சை வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள், செங்கோட்டுவேலைத் தவிர.

எழுந்தவள் டீச்சரிடம் போய் ஏதோ காதோடு பேசினாள். டீச்சர் ஏதோ கேட்டார். அவள் தலையாட்டினாள். பிறகு அப்பாவிடம் வந்தாள்.

"ப்பா, ரிமோட்ட டீச்சர்கிட்டக் குடுங்க. நீங்க எங்கூட நடந்து வாங்க."

"நானா அம்மணி? அய்யோ, லாரிய யாரு..."

"டீச்சரவிட யாருப்பா ஓட்டுவா?"

செங்கோட்டுவேல் ரிமோட்டைக் கொடுத்தார். கொடுக்கும்போதும் விரல் அதை விடவில்லை. டீச்சர்தான் மெதுவாகப் பிரித்து எடுத்துக்கொண்டார்.

நாதஸ்வரம் ஆரம்பித்தது. திராட்சை நசுங்கியது. லாரி குட்டி ஹெட்லைட்டோடு கிளம்பியது. பின்னால் தாரணி, அவள் பக்கத்தில் அப்பா. பெண்ணைப் பார்த்தாரா, மேடையைப் பார்த்தாரா? லாரியின் பின்சக்கரத்தையே பார்த்து நடந்தார். பிள்ளைகள் நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டின. செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன.

நடு மண்டபத்துக்கு வந்ததும் லாரி நின்றது.

கைதட்டல் அடங்கியது. நாதஸ்வரக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டே ஊதினார். செங்கோட்டுவேல் அப்படியே சிலையாகிப் போனார். அவர் உதடு மட்டும் அசைந்தது. திரும்பி டீச்சரைத் தேடினார். அவ்வளவு கூட்டத்தில் தெரியவில்லை.

அப்போது மேடையிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா உரக்கக் கேட்டார்.

"என்னங்க சம்பந்தி, டீசல் போட மறந்துட்டீங்களா?"

மண்டபமே சிரித்தது. யாரோ ஒரு அத்தை, "தள்ளி விடுங்கப்பா, தள்ளினா ஸ்டார்ட் ஆகும்!" என்றார். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கி எதிரே வர ஆரம்பித்தான்.

தாரணி அப்பாவின் முழங்கையைத் தொட்டாள்.

"எடுங்கப்பா."

அவர் குனிந்தார். முதலில் மோதிரப் பெட்டியை எடுத்து மகள் கையில் கொடுத்தார். பிறகு லாரியைத் தூக்கி, குழந்தையைத் தூக்குவதுபோல இடுப்பில் வைத்துக்கொண்டார். மிச்சத் தூரத்தை இரண்டு பேரும் நடந்தார்கள். இந்தத் தடவை அவர் மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மோதிரம் போட்டார்கள், தட்டு மாற்றினார்கள், எங்கள் பக்கத்து உப்புச் சர்க்கரைச் சடங்கும் ஆயிற்று. எதுவும் நிற்கவில்லை.

பந்தியில் டீச்சர் ஜாங்கிரியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். செங்கோட்டுவேல் லாரியோடு வந்து எதிரே நின்றார். மூடியைக் கழற்றி, பேட்டரியை வெளியே எடுத்து, சார்ஜ் பார்க்கிற மீட்டரைச் சொருகியிருந்தார்.

"டீச்சர், இதுல ஃபுல்லா சார்ஜ் இருக்குதுங்களே."

"இருக்குமுங்க. காலைலதானே போட்டேன்."

"வயர் ஏதாவது கழண்டுபோச்சுங்களா?"

"எதுவும் கழலலீங்க."

அவர் மீட்டரைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். இலைக்குப் பக்கத்தில் கிடந்த ரிமோட்டைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் சிவந்தது.

"நீங்களா நிறுத்தினீங்க?"

"ஆமாங்க. தாரணியக் கேட்டுட்டுத்தான்."

"ஏனுங்க டீச்சர்? எனக்கு உசுரே போய்த் திரும்பி வந்துச்சுங்களே! எதுக்குங்க இப்படிப் பண்ணீங்க?"

டீச்சர் கையைக் கழுவவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வழில நின்னுட்டா என்னாகும்னு நீங்கதானுங்க அண்ணா கேட்டுக்கிட்டே இருந்தீங்க."