முற்றத்தில் ஒரு மர சோபா

சேர்வராயன் மலையடிவாரத்தில், பெரிய சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி மங்கையர்க்கரசி அம்மாவின் வீடு இருந்தது. அதை யாரும் ஆசிரமம் என்று சொல்வதில்லை. அம்மா வீடு என்பார்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பத்து நான்கு வயது. காவி கட்டியதில்லை. முன்பு நூற்பாலையில் வேலை பார்த்தவர். ஜனங்கள் எப்போது தன்னிடம் வந்து மனசைக் கொட்ட ஆரம்பித்தார்கள் என்பது அவருக்கே சரியாக ஞாபகமில்லை.

சந்தானகிருஷ்ணனுக்கு அறுபத்து மூன்று. பாலங்கள் கட்டும் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஒரு வருஷம் கழித்து, ஆடி மாதத்தில் ஒரு பையோடு வந்து நின்றார்.

"கொஞ்ச நாள் இங்கே இருக்கலாமா அம்மா?"

"இருங்க ஐயா."

ஏன் வந்தீர்கள் என்று அம்மா கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வீட்டின் பின்னால் கடப்பைக்கல் பாவிய திறந்த முற்றம். சாயங்காலங்களில் ஜனங்கள் அங்கேதான் கூடுவார்கள். பாதிப் பேருக்கு மூட்டுவலி. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. பிளாஸ்டிக் நாற்காலிகளோ வெயிலில் காய்ந்து கால் பிளந்து கிடந்தன. ஒரு வயதான அம்மாள் முழு நேரமும் சுவரைப் பிடித்தபடி நின்றதை சந்தானகிருஷ்ணன் ஒருநாள் பார்த்தார்.

"அம்மா, முற்றத்துக்கு ஒரு மர சோபா செய்யட்டுமா? நானே செய்றேன். வெயில் மழை தாங்குற மாதிரி."

"மரவேலை தெரியுமா?"

"பாலமே கட்டியிருக்கேன்."

"எத்தனை நாள் ஆகும்?"

"பத்து நாள்."

"செய்ங்க ஐயா."

அன்று பிற்பகலே உட்கார்ந்து வரைபடம் போட்டார். நான்கு பேர் உட்காரும் நீளம். மழைத்தண்ணீர் வழிந்து ஓட இருக்கைப் பட்டைகளுக்கு நடுவே சிறு இடைவெளி. வயதானவர்கள் கையூன்றி எழ அகலமான கைப்பிடி. கால்களில் ஈரம் ஏறாமலிருக்க அடியில் கல் துண்டுகள். மறுநாள் சேலத்துக்குப் போய்ப் பழைய மரக்கடை ஒன்றில், இடித்த வீட்டிலிருந்து வந்த தேக்கு உத்திரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

முதல் நாளே ஒன்று புரிந்தது. முப்பத்தைந்து வருஷம் அவர் மற்றவர்களைத்தான் வேலை வாங்கியிருக்கிறார். உளி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது கைக்குத் தெரியவில்லை. உத்திரத்துக்குள் பழைய ஆணி இருந்து ரம்பத்தின் பல்லை உடைத்தது. இடது கட்டைவிரல் கிழிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக மரச்சீவல் விழுந்தபோது, ஒரு வருஷமாக நெஞ்சில் இருந்த பாரம் சற்று நகர்ந்து கொடுத்தது போல இருந்தது. அதனால் காலையில் எழுந்ததும் முற்றத்துக்கு ஓடினார்.

பத்தாம் நாள் அம்மா வந்து பார்த்தார்.

"முடிஞ்சுதா ஐயா?"

"இன்னும் கொஞ்சம். சாய்வு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரலை."

இருபதாம் நாள்.

"முடிஞ்சுதா?"

"உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும் அம்மா. கை வைச்சா சிலாம்பு குத்தும்."

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. எண்ணெய் பூசியது காயவில்லை. தார்ப்பாய் போட்டு மூடினார். வெயில் வந்ததும் திறந்து மறுபடி பூசினார். மூட்டுவலிக்காரர்கள் சோபாவைச் சுற்றிலும் நின்றுகொண்டு அம்மாவிடம் பேசிவிட்டுப் போனார்கள். யாராவது மறந்துபோய் உட்கார வந்தால், "ஈரம், ஈரம்" என்று ஓடி வருவார். கடைசியில் சோபாவைச் சுற்றி ஒரு கயிறு கட்டினார்.

"இப்பதான் நல்லா இருக்கே" என்றார் அம்மா.

"இன்னும் ஒரு பூச்சு பாக்கி."

அம்மா கயிற்றைப் பார்த்தார். உள்ளே போனார்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மாபேட்டையிலிருந்து முன்பு ஓரிரு முறை தனியாக வந்துபோயிருந்த செண்பகவல்லி என்கிற பெண் தன் கணவரை அழைத்து வந்தாள். அவர் பெயர் ரத்தினவேல். தறி நெய்தவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கி, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்து முற்றம் வரை வந்தவருக்கு அதற்கு மேல் முடியவில்லை. முகம் வெளுத்து வியர்த்தது. செண்பகவல்லி அங்குமிங்கும் பார்த்தாள். கயிற்றைத் தூக்கி அவரை உள்ளே விட்டு, சோபாவில் உட்கார வைத்தாள்.

சந்தானகிருஷ்ணன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தபோது, ரத்தினவேல் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். அவர் வேட்டி நனைந்திருந்தது. பட்டைகளின் இடைவெளி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே விழுந்துகொண்டிருந்தது. வாடை அடித்தது.

"எழுப்பு! எழுப்பு அந்த ஆளை!"

தன் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று அவருக்கே தெரியாது. முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

செண்பகவல்லி பதறிப்போனாள். முந்தானையால் மரத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே கணவரைத் தூக்கப் பார்த்தாள். அவசரத்தில் பிடி நழுவி, ரத்தினவேல் கல்தரையில் முட்டி அடிபட விழுந்தார். இரண்டு பேர் ஓடிப்போய்த் தூக்கினார்கள். நின்றதும் அவர் சந்தானகிருஷ்ணனைப் பார்த்து, வராத வார்த்தையை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"தப்பு... தப்பு..."

இடது கையை நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிடுவது போல் வைத்தார்.

அம்மாவைப் பார்க்காமலேயே இருவரும் போய்விட்டார்கள்.

அம்மா சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் பார்த்தார் என்பது தெரிந்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

சந்தானகிருஷ்ணன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். தேய்த்தார். ஊறிய இடம் கறுத்திருந்தது. இழைப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அம்மா கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கீழே போட்டார். பிறகு அந்தக் கறுத்த பட்டைமேல், ஈரத்திலேயே உட்கார்ந்தார்.

"அம்மா, அங்கேதான்—"

"தெரியும். நீங்களும் உட்காருங்க."

"கொஞ்சம் வேலை இருக்கு."

"என்ன வேலை?"

சந்தானகிருஷ்ணன் தன் கையிலிருந்த இழைப்புளியைப் பார்த்தார்.

"உட்காருங்க ஐயா."

அவர் நின்றார். உட்கார மனம் இருந்தது. கால் மடங்கவில்லை. நின்றபடியே பேச ஆரம்பித்தார்.

"என் சம்சாரம் பேரு கமலவேணி. ரெண்டு வருஷம் ஏழு மாசம் படுக்கையில கிடந்தா. நான் எல்லாம் செஞ்சேன் அம்மா. புண் வராம இருக்கத் தண்ணி மெத்தை. ரெண்டு நர்ஸ். மருந்துக்கு அட்டவணை. கைக்கு எட்டுற இடத்துல காலிங்பெல்."

"ம்."

"தினம் நாலு தடவை வாசப்படியில வந்து நிப்பேன். மாத்திரை போட்டியான்னு கேப்பேன். அவ கட்டில் ஓரத்தைத் தட்டிக் காட்டி, கொஞ்சம் உட்காருங்கன்னு சொல்லுவா. வேலை இருக்குன்னு போயிடுவேன்."

"என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. ரிடையர் ஆகி வீட்லதானே இருந்தேன்."

அவர் அந்தக் கறுத்த பட்டையைப் பார்த்தார்.

"வாடை அம்மா. அந்த வாடைக்குப் பயம். அவ போன அன்னைக்குக் காலைல நான் ஹால்ல உட்கார்ந்து அந்த பெல்லைப் பிரிச்சுச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். அவ உள்ள இருந்து கூப்பிட்டா. இதோ வரேன்னு சொன்னேன். பெல்லு நல்லாத்தான் இருந்துது."

மலைப்பக்கமிருந்து காற்று வந்தது. தார்ப்பாயின் ஓரம் தரையில் அடித்துக்கொண்டது.

"அவ என்னை மன்னிச்சிருப்பாளா?"

"எனக்குத் தெரியாது ஐயா. தெரியும்னு சொன்னா பொய்."

அவர் தலையாட்டினார். இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"அந்த நெசவுக்காரர் வீடு எங்கே இருக்கு?"

அம்மா தெருவைச் சொன்னார்.

"இந்த சோபாவை அவங்களுக்கே கொண்டுபோய்க் கொடுத்திடறேன். நாளைக்கே ஒரு வேன் பேசி—"

"அவங்க சோபா கேட்டாங்களா?"

"இல்லை."

"அப்ப வெறுங்கையோட போங்க."

மறுநாள் காலை பஸ் ஏறினார். வழியில் பழக்கடையைப் பார்த்ததும் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. நிறுத்திக்கொண்டார். இரண்டு கையையும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்தத் தெருவுக்குள் நடந்தார். வீடுகளுக்குள் தறிச்சத்தம் கேட்டது. ரத்தினவேல் வீட்டில் மட்டும் சத்தமில்லை.

செண்பகவல்லி கதவைத் திறந்து, அவரை அடையாளம் கண்டு, பயந்தாள்.

"சோபா வீணாப் போச்சுங்களாய்யா?"

"இல்லைம்மா. நேத்து நான் கத்தினது தப்பு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் கதவை முழுக்கத் திறந்தாள்.

"விடுங்கய்யா. எல்லாரும் கத்துறாங்க. நானே கத்துறேன். அப்புறம் அழுதுக்குவேன். உள்ள வாங்க."

ஒரே அறை. தறி ஒரு பக்கம் துணி போர்த்திக் கிடந்தது. இன்னொரு பக்கம் கட்டில். முழங்காலில் மஞ்சள் பற்றோடு ரத்தினவேல் படுத்திருந்தார். தைலமும் பினாயிலும் கலந்த வாடை; அதையும் மீறி அந்த இன்னொரு வாடை. சந்தானகிருஷ்ணன் வாசப்படியிலேயே நின்றுவிட்டார்.

"நிக்கிறீங்களே, உட்காருங்க" என்றாள் செண்பகவல்லி.

அந்த அறையில் கட்டிலைத் தவிர உட்கார இடமில்லை. ரத்தினவேல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வந்தவரின் மூச்சு மாறியதை அவர் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் அவருடைய இடது கை மெல்ல நகர்ந்து, கட்டில் ஓரத்தில் சுருண்டிருந்த போர்வையை இழுத்து, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் செய்தது.

சந்தானகிருஷ்ணன் உள்ளே போய் உட்கார்ந்தார்.

தெருவில் யாரோ குழாயில் தண்ணீர் வந்துவிட்டதென்று கூவினார்கள். செண்பகவல்லி குடங்களை எடுத்தாள்.

"ஒரு அரைமணி நேரம் இவரைப் பார்த்துக்குவீங்களா? விட்டா நாலு நாளைக்குத் தண்ணி கிடையாது."

அவர் சரியென்று சொல்வதற்குள் போய்விட்டாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் கட்டிலில் இருந்தவரின் கைலி நனைந்தது. ரத்தினவேல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "தப்பு" என்றார்.

"இல்லைங்க" என்றார் சந்தானகிருஷ்ணன். "தப்பு இல்லை."

கொடியில் காய்ந்த கைலி ஒன்று இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தார். எங்கே பிடித்து எப்படிப் புரட்டுவது என்று தெரியவில்லை. இரண்டு முறை தடுமாறினார். ரத்தினவேல் இடது காலை ஊன்றித் தன்னால் முடிந்த அளவு இடுப்பைத் தூக்கிக் கொடுத்தார். துடைத்து, மாற்றி, நனைந்ததை வாளியில் போட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தபோது, தான் அழுதுகொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. ரத்தினவேல் அதைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

செண்பகவல்லி வந்தாள். கொடியையும் வாளியையும் பார்த்தாள். இரண்டு டம்ளர்களில் டீ போட்டாள். மத்தியானம் வரை அவர் அங்கேயே இருந்தார்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது முற்றத்தில் ஆட்கள் இருந்தார்கள். சோபாவில் நான்கு பேருக்குப் பதில் ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வெற்றிலை போட்டிருந்தார். கைப்பிடிமேல் யாரோ எண்ணெய்த் தூக்கை வைத்திருந்தார்கள். சந்தானகிருஷ்ணன் பார்த்துக்கொண்டே நடந்து உள்ளே போனார்.

அம்மா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரும் எதிரே உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டார்.

"போயிட்டு வந்தேன் அம்மா."

"ம்."

"கட்டில்ல, அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். துணி மாத்தினேன்."

"ம்."

"திரும்பி வர்றப்ப பஸ்ஸுல மனசு லேசா இருந்துது. ஊர் எல்லை தாண்டுறதுக்குள்ள பழையபடி ஆயிடுச்சு. இவர் கிட்ட உட்கார்ந்தா, அவ கிட்ட உட்காராதது இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது."

கீரைத் தண்டுகளை அவர் ஒடித்துப் போட்டார்.

"அப்ப இது எப்பதான் என்னை விட்டுப் போகும்?"

அம்மா ஒரு புழுத்த இலையை விலக்கி வைத்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"போகாது ஐயா. நாளைக்கு எத்தனை மணி பஸ்ஸுல கிளம்புறீங்க?"