அக்கரையில் நின்ற மந்திரி

அப்போது பாலம் கிடையாது. ஆறுதான் இரு நாட்டுக்கும் எல்லை. ஓடத்தில் ஏறுகிறவரிடம் எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. புதிதாக வந்த மந்திரி சட்டம் போட்டார்: அக்கரைக்காரர் எவரையும் ஏற்றி வரக் கூடாது.

ஓடக்காரன் மாசிலாமணியின் மனைவி அக்கரைப் பெண். பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள்.

“அவளை மட்டும் கூட்டி வரட்டுமா, ஐயா?”

“எவரையும் என்றால் எவரையும்தான்!”

சட்டத்தை அங்கேயும் அறிவிக்க மந்திரி ஓடத்தில் போனார். முடித்துத் திரும்பியபோது ஓடம் கரையைவிட்டு விலகி நின்றது.

“டேய், நான் இக்கரைக்காரன்டா!”

“அங்கே நின்றுகொண்டு இக்கரை என்கிறீர்களே, ஐயா. அப்படியானால் அந்த நாட்டுக்காரர்தானே?”

பொழுது சாயும்வரை கத்திப் பார்த்துவிட்டு, மந்திரி சட்டத்தை ரத்து செய்தார்.

ஓடத்தில் அவருக்கு எதிரே மாசிலாமணியின் மனைவி. அவள் சேற்றில் இறங்கிக் கரையேறும்வரை பிள்ளையை அவர்தான் வைத்திருந்தார்.